பாதரச ஆவியில வந்த முகம்

"போன்லயே எல்லாம் வந்தாச்சு, பழைய கேமராவுக்கெல்லாம் எதுக்கு சார் ஒரு மியூசியம்?"னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். அமெரிக்காவுல ராச்செஸ்டர்ல, கோடக் கம்பெனி ஆரம்பிச்ச ஜார்ஜ் ஈஸ்ட்மனோட பங்களாவே 1949லேருந்து அப்படி ஒரு மியூசியமா இருக்கு. வெள்ளித் தகடுல படம் எடுக்குற டாகரோடைப் முறைய கண்டுபிடிச்ச பிரெஞ்சுக்காரர் டாகர், அவரோட கையெழுத்தோட 1839ல ஜிரூங்கறவர் செஞ்சு வித்த மரப்பெட்டி கேமரா அங்க இருக்கு. ஆனா எனக்குப் பிடிச்சது கேமரா இல்ல, கூடவே வந்த பாதரசப் பெட்டி.

செம்புத் தகடு மேல வெள்ளிப் பூச்சு, அத கண்ணாடி மாதிரி தேய்ச்சு அயோடின் ஆவி காட்டுனா சில்வர் அயோடைடு, இதெல்லாம் ஸ்கூல்ல படிச்ச கெமிஸ்ட்ரிதான். கேமராவுல சில நிமிஷம் வெளிச்சம் காட்டி எடுத்தா தகடுல ஒண்ணுமே தெரியாது! வெளிச்சம் பட்ட இடத்துல கண்ணுக்குத் தெரியாத வெள்ளிப் பொட்டுகள் மட்டும் உருவாகியிருக்கும். இப்ப தகட 45 டிகிரி சாய்ச்சு அந்தப் பெட்டிக்குள்ள மாட்டணும், அடியில ஒரு கிண்ணத்துல பாதரசம், அதுக்குக் கீழ ஸ்பிரிட் விளக்கு, பக்கத்துல தெர்மாமீட்டர். ஆவி மேல வந்து அந்த வெள்ளிப் பொட்டுகளத் தேடிப்பிடிச்சு ஒட்டிக்கும், புல்லு நுனியில பனி கோக்குற மாதிரி குட்டிக் குட்டி உருண்டையா, அத சின்ன மஞ்சக் கண்ணாடி ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டே இருப்பாங்க, மெதுவா மூக்கு வரும், காலர் வரும். அப்புறம் ஹைப்போங்கற உப்புக் கரைசல்ல கழுவி மிச்ச அயோடைட எடுத்துடுவாங்க.

அந்த உருண்டைங்க வெளிச்சத்த எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், அதான் வெள்ளை. மத்த இடம் வெறும் கண்ணாடி, எதிர்ல இருட்டு இருந்தா கருப்பா தெரியும். வெள்ளைச் சட்ட போட்டு நேரா நின்னீங்கன்னா சட்ட அதுல பிரதிபலிச்சு படம் நெகட்டிவா மாறிடும்!

அந்த ஆவிய மூச்சுல இழுத்தவங்க உடம்பு என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க. நம்மூர்ல இன்னும் பாதரசத்துல செஞ்ச ரசமணி கட்டுனா காசு கொட்டும்னு விக்கிறாங்க, கேட்டா கோவம்தான் வருது.

2005ல ஒரு கண்காட்சியில வச்சப்போ இந்தப் பழைய தகடுகள் சிலதுல வெள்ளையா மங்கல் படர ஆரம்பிச்சிடுச்சு. நூத்தம்பது வருஷம் தாங்குனது சில மாசத்துல! மியூசியத்துக்காரங்க ராச்செஸ்டர் யுனிவர்சிட்டி இயற்பியல்காரங்களோட சேர்ந்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தாங்க, தகடுகள ஆர்கான் வாயு நிரப்பின பெட்டியில அடைச்சு வைக்கிற வழியும் வந்துச்சு. இதுக்கெல்லாம் அரசாங்கம் காசு குடுக்கணுமான்னா, தாராளமா குடுக்கலாம்ங்கறேன், தகடுல ஒட்டியிருக்குற அந்த உருண்டைங்க மாதிரி ரொம்ப ரொம்பக் குட்டியான நானோ துகள்கள் நூத்தம்பது வருஷத்துல என்ன ஆகும்னு பாக்குறதுக்கு வேற எந்த லேப்ல சாம்பிள் கிடைக்கும்?