வைஃபை எக்ஸ்டெண்டரை எந்த அறையில் மாட்ட வேண்டும்?

கூடத்தில் ரவுட்டர் இருக்கிறது, கடைசி அறையில் வைஃபை எடுக்கவில்லை. சரி என்று ஓர் எக்ஸ்டெண்டர் (ரவுட்டரின் சிக்னலை வாங்கித் தூரத்து அறைக்குத் திருப்பி அனுப்பும் சின்னப் பெட்டி) வாங்கி, எடுக்காத அந்த அறையிலேயே கட்டிலுக்குப் பக்கத்துப் பிளக்கில் மாட்டுகிறோம். போனில் சிக்னல் கோடுகள் முழுதாக நிறைந்துவிடுகின்றன. ஆனால் வீடியோ முன்பு போலவே நின்று நின்றுதான் ஓடுகிறது, சில சமயம் முன்பைவிட மோசமாக. பெட்டியில்தான் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் பெட்டி நன்றாகத்தான் இருக்கும். மாட்டிய இடம்தான் தவறு, அதற்கான காரணத்தைச் சின்னக் கணக்கு ஒன்றிலேயே பார்த்துவிடலாம்.

முதலில், சிக்னல் எவ்வளவு தேய்ந்து நம் கைக்கு வருகிறது என்று பார்ப்போம். வீட்டு ரவுட்டர் காற்றில் விடும் ஆற்றல் சுமார் 100 மில்லிவாட். அது பல திசைகளிலும் பரவுவதால், தடையே இல்லாத வெளியில்கூடத் தூரம் இரண்டு மடங்கானால் நமக்குக் கிடைப்பது நான்கில் ஒரு பங்காகிவிடும். அப்புறம் சுவர்கள். மெல்லிய பலகைத் தடுப்பு கொஞ்சம்தான் விழுங்கும், செங்கல் சுவர் அதைவிட அதிகம், கம்பி கட்டிய கான்கிரீட் இன்னும் அதிகம். உலோக அலமாரியும் குளிர்சாதனப் பெட்டியும் அலையைத் திருப்பி அடித்துவிடும். நிலைக்கண்ணாடியும் அப்படித்தான், அதன் பின்பக்கம் பூசியிருப்பது உலோகம். மீன் தொட்டி இருந்தால் தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும்.

இந்தத் தேய்மானத்தை டெசிபலில் அளக்கிறார்கள். 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 3 டெசிபல் குறைந்தால் ஏறக்குறைய பாதி. வைஃபை அளக்கும் செயலிகள் காட்டும் டிபிஎம் என்ற எண்ணில் 1 மில்லிவாட் என்பது பூஜ்ஜியம், அதற்குக் கீழே எல்லாம் கழித்தல் குறிதான். போனில் -70 என்று காட்டினால், ரவுட்டர் 20 டிபிஎம் (அதாவது 100 மில்லிவாட்) அளவில் அனுப்பியது 90 டெசிபல் குறைந்து வந்திருக்கிறது என்று பொருள். நூறு கோடியில் ஒரு பங்கு! அந்தத் துளியிலிருந்து போன் ஒரு முழுப் படத்தையும் எடுத்துக் காட்டிவிடுகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

சிக்னல் மெலிந்தால் வைஃபை உடனே அறுந்துவிடுவதில்லை. அது பேச்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரைச்சலான இடத்தில் நாம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வதைப் போல. 2009இல் வெளியான 802.11என் என்ற வைஃபை தரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் (கருவிகள் பேசிக்கொள்ளும் அலைப்பாதையில்), ஒரே தரவு ஓடைக்கு எட்டு வேகப் படிகள் உண்டு. அடிப்படி நொடிக்கு 6.5 மெகாபிட், மேல்படி 65 மெகாபிட். அடிப்படிக்கு -82 டிபிஎம் இருந்தாலே போதும், மேல்படிக்கு -64 வேண்டும் என்று தரம் வகுத்திருக்கிறது. இடையே இருப்பது 18 டெசிபல்தான். ஒரு கனத்த கான்கிரீட் சுவரே அவ்வளவையும் தின்றுவிடக்கூடும். ஆக, ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் வேகம் பத்தில் ஒன்றாக விழுந்துவிட முடியும். இன்றைய ரவுட்டர்கள் இதைவிடப் பல மடங்கு வேகமானவை, ஆனால் படியிறங்கும் முறை அதேதான்.

போக்கு மட்டுமல்லாமல் வரத்தும் வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரவுட்டர் சொல்வதைப் போன் கேட்டால் போதாது, போன் அனுப்பும் பதிலும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். போனின் ஆன்டெனா சிறியது. பேட்டரியை மிச்சப்படுத்த வேண்டியிருப்பதால் அது பொதுவாக ரவுட்டரைவிடக் குறைந்த சக்தியில்தான் பேசும். பெரிய ஆன்டெனா வைத்த ரவுட்டர் வாங்கியும் கடைசி அறையில் வேலைக்காகவில்லை என்றால், பல நேரம் இதுதான் காரணம்.

இப்போது எக்ஸ்டெண்டருக்கு வருவோம். வந்த சிக்னலை அப்படியே பெருக்கி அனுப்பும் ஒலிபெருக்கி என்று அதை நினைத்துவிடக் கூடாது. அது ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் முழுதாக வாங்கி, பிழையில்லை என்று சரிபார்த்து, புதிதாகத் திருப்பிச் சொல்கிறது. இதனால் வழியில் சேர்ந்த இரைச்சல் கூடவே பெருகாது, அது நல்லது. ஆனால் தனக்கு மெதுவாக வருவதை அதனால் வேகமாகக் கொடுக்க முடியாது.

ஒரே சேனலில் அது வாங்கிக்கொண்டே கொடுக்கவும் முடியாது. தான் பேசும் 100 மில்லிவாட் சத்தத்துக்கு நடுவே, அதைவிட நூறு கோடி மடங்கு மெல்லிய குரலை எப்படிக் கேட்பது? கேட்டு முடித்துவிட்டுத்தான் பேச வேண்டும். அதனால் ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது. ‘எக்ஸ்டெண்டர் போட்டால் வேகம் பாதியாகிவிடும்’ என்ற பேச்சு இங்கிருந்து வந்ததுதான்.

பாதியானால் நட்டமா லாபமா? 65 மெகாபிட் தரவை, அதாவது ஒன்றிரண்டு புகைப்படங்களைக் கடைசி அறைக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். மற்ற சில்லறைத் தாமதங்களை விட்டுவிடலாம். எக்ஸ்டெண்டர் இல்லாமல், போன் நேரடியாக 6.5 மெகாபிட் வேகத்தில் வாங்கினால் 10 நொடி ஆகும். எக்ஸ்டெண்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டினால், போனின் இடத்தில் இப்போது எக்ஸ்டெண்டர் அதே 6.5 வேகத்தில் வாங்குகிறது, 10 நொடி. பிறகு பக்கத்திலிருக்கும் போனுக்கு 65 வேகத்தில் கொடுக்கிறது, இன்னொரு நொடி. மொத்தம் 11 நொடி. பெட்டி இல்லாதபோது ஆனதைவிட ஒரு நொடி அதிகம்! நிறைந்து நிற்கும் கோடுகள் போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இடையிலுள்ள நெருக்கத்தை மட்டுமே காட்டுகின்றன. எக்ஸ்டெண்டர் ரவுட்டரிடம் படும் பாட்டைப் போன் அறியாது.

அதே பெட்டியை நடுவழியில், இரண்டு பக்கமும் நொடிக்கு 52 மெகாபிட் கிடைக்கும் இடத்தில் மாட்டுங்கள். வாங்க 1.25 நொடி, கொடுக்க 1.25 நொடி. மொத்தம் இரண்டரை நொடியில் வேலை முடிந்துவிடுகிறது. வேகம் 52இல் பாதிதான், ஆனால் முன்பிருந்ததைப் போல நான்கு மடங்கு. ரவுட்டருக்கு அருகிலேயே மாட்டினாலும் அவ்வளவாக உதவாது. வாங்குவது ஒரு நொடியில் முடிந்தாலும், கடைசி அறைக்குக் கொடுப்பது 13 மெகாபிட் படியில் நடந்தால் ஐந்து நொடி பிடிக்கும். வேகத்தைத் தீர்மானிப்பது எப்போதும் மெதுவான பக்கம்தான்.

இதில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பங்குண்டு. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காற்று அமைதியாகும்வரை காத்திருக்க வேண்டும். கடைசி அறைப் போன் பத்து நொடி இழுத்தால், கூடத்தில் ரவுட்டருக்கு எதிரே இருப்பவருக்கும் அந்த அளவு நேரம் குறைகிறது.

அந்த நடுவழியைக் கண்டுபிடிக்கப் போனே போதும். டிபிஎம் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, ரவுட்டரிலிருந்து கடைசி அறையை நோக்கி மெதுவாக நடந்து பாருங்கள். -60க்கும் -65க்கும் நடுவே எண் நிற்கும் இடத்தில் பிளக் இருந்தால் அங்கே மாட்டலாம். பல வீடுகளில் அது அறைக்கு வெளியே நடைவழியாக இருக்கும். கடைசி அறையில் கோடுகள் முன்போல் நிறைந்து தெரியாமல் போகலாம், அதைப் பார்த்து மனம் மாறிவிட வேண்டாம். எண் திருப்தியாக இல்லையென்றால் ஒரு சாண் தள்ளி வைத்துப் பாருங்கள். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் விடுவதால், சில சென்டிமீட்டர் நகர்த்தலுக்கே எண் மாறும்.

இரண்டு அலைவரிசையுள்ள எக்ஸ்டெண்டர் என்றால் கணக்கு இன்னும் சாதகமாகும். ரவுட்டரிடம் 5 கிகாஹெர்ட்ஸில் வாங்கியபடியே போனுக்கு 2.4இல் கொடுக்க முடிவதால், இரண்டு முறை காத்திருக்கும் சுமை பெரிதும் குறைகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களில் அதிகம் இழக்கும் என்பதால் நடுவழி இன்னும் சற்று ரவுட்டர் பக்கம் நகரும். மெஷ் கருவிகளும் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குபவை) கம்பியில்லாமல் இணைந்தால் இதே விதிக்குத்தான் கட்டுப்பட்டவை. நடுவே ஒரு நெட்வொர்க் கேபிள் இழுக்க வழியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், இழுத்துவிடுங்கள். அப்போது முதல் பாதி காற்றை விட்டே போய்விடுகிறது, பெட்டியைக் கடைசி அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்வதற்கு முன்னால், ரவுட்டர் அலமாரிக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அதை வெளியே எடுத்து, உயரமாக, வீட்டின் நடுப்பக்கம் வைத்தாலே பாதிப் பேருக்கு எக்ஸ்டெண்டர் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

மாட்டிய பிறகு வரும் இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பெட்டியோடு பேசுவது என்று முடிவெடுப்பது பெரும்பாலும் போன்தான். கடைசி அறையிலிருந்து கூடத்துக்கு வந்த பிறகும் அது பழைய எக்ஸ்டெண்டரையே பிடித்துக்கொண்டிருக்கும், ரவுட்டர் கண்ணெதிரே இருந்தாலும் சுற்றுவழியாகவே தரவை வாங்கும். வேகம் திடீரென்று குறைந்ததாகத் தெரிந்தால், போனில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அருகிலிருக்கும் பெட்டியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.