ஓரத்து எட்டு விசைகள்

1982-இல் பிரிட்டனில் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியை இன்று யாராவது பரணிலிருந்து இறக்கினால், டிவியில் படம் வந்தாலும் கீபோர்டு மக்கர் பண்ணுவது வழக்கம். அதிலும் ஒரு கோளாறு விசித்திரமானது. இடது ஓரத்தில் 1, க்யூ, ஏ, கேப்ஸ் ஷிஃப்ட்; வலது ஓரத்தில் 0, பி, என்டர், ஸ்பேஸ். இந்த எட்டும் ஒன்றாகச் செத்திருக்கும். மற்ற 32 விசைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கேசட்டிலிருந்து விளையாட்டை ஏற்ற, லோடு கட்டளைக்கு ஜே, மேற்கோள்குறிக்கு சிம்பல் ஷிஃப்டோடு பி இரண்டு முறை, பிறகு என்டர். லோடு என்ற சொல் திரையில் விழும், அதோடு சரி.

ஏன் ஓரம் மட்டும்? 40 விசைகளுக்கும் தனித்தனியாகக் கம்பி இழுத்தால் 125 பவுண்டுக்கு விற்ற பெட்டிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் நான்கு வரிசைகளையும் நடுவில் பிளந்து, ஐந்தைந்து விசைகளாக எட்டு அரைவரிசை ஆக்கினார்கள். அரைவரிசைக்கு ஒரு கம்பி. அப்புறம், ஓரத்திலிருந்து எண்ணினால் முதலில் வரும் எட்டு விசைக்கும் சேர்த்து ஒரு கம்பி, இரண்டாவதாக வரும் எட்டுக்கு இன்னொன்று, இப்படி ஐந்து. மொத்தம் 13 கம்பியில் வேலை முடிந்தது.

அந்த ஐந்தும் சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டில் நிற்கும். கணினியின் மூளையான இசட்80 சிப் நொடிக்கு 50 முறை எட்டு அரைவரிசைக் கம்பிகளையும் ஒவ்வொன்றாகப் பூஜ்யத்துக்கு இறக்கிப் பார்க்கும். அந்த அரைவரிசையில் விசை அழுத்தியிருந்தால் ஐந்தில் ஒன்றும் கூடவே இறங்கிவிடும். எட்டில் எது, ஐந்தில் எது என்று தெரிந்தால் விசை அகப்பட்டது.

'கம்பி' என்கிறேனே தவிர உண்மையில் அது மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட மின்கடத்தும் மை. ரப்பர் பாய்க்கு அடியில் இப்படி இரண்டு தாள், இடையில் ஓட்டைகள் போட்ட மூன்றாவது தாள். அழுத்தினால் ஓட்டை வழியாக மேல்கோடு கீழ்க்கோட்டைத் தொடும். கோடுகளெல்லாம் இரண்டு வால்களாக வெளியே வந்து சாக்கெட்டில் செருகி நிற்கும். ஒன்றில் ஐந்து, மற்றதில் எட்டு. வினை அங்கேதான். மடங்கி நிற்கும் வால், பெட்டிக்குள் மின்னழுத்தத்தைச் சீராக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டரின் சூடு, மேலே நாற்பது வருடம்: பொரித்த அப்பளமாகிவிடும். பார்க்கலாமே என்று மூடியைத் தூக்கும்போதே முறிவதும் உண்டு.

ஆக, திறக்காமலே நோய் சொல்லலாம். அடுத்தடுத்த ஐந்து விசை போனால் எட்டுக்கோட்டு வாலையோ, அந்தக் கோட்டில் மின்சாரத்தை ஒருபக்கம் மட்டும் விடும் டயோடையோ பாருங்கள். இரண்டு ஓரத்திலிருந்தும் ஒரே தூரத்தில் உள்ள எட்டு போனால் ஐந்துகோட்டு வால்.

விரிசல் நுனியில் இருந்தால் கத்தரியால் நேராக வெட்டிவிட்டு மறுபடி செருகலாம், வால் நீளம் இடம் கொடுத்தால். சால்டரிங் மட்டும் வேண்டாம், தாள் உருகிவிடும். வெள்ளி பெயின்ட் தடவுகிறார்கள். மடிப்பில் அது நிற்காது என்பது என் எண்ணம். இந்தத் தாள் அடுக்கை, அதாவது மெம்பிரேனை, புதிதாக இப்போதும் செய்து விற்கிறார்கள், அதை மாற்றுவதே நிம்மதி. மேலேயுள்ள உலோகத் தகடு பசையில் ஒட்டியிருக்கும். ஹேர் டிரையரால் சூடுகாட்டிப் பொறுமையாகக் கிளப்ப வேண்டும். நெம்பினால் வளைந்துவிடும், அந்த வளைவு போகவே போகாது.

அந்த ரப்பரே பிடிக்காதவர்கள் யூஎஸ்பி கீபோர்டை மாட்டுகிறார்கள். இசட்80 ஒருமுறை எட்டிப்பார்ப்பது ஏறக்குறைய ஒரு மைக்ரோவினாடிதான். யூஎஸ்பி கீபோர்டைப் படிக்கும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் சிப் அதற்குள் பதில் சொல்லத் திணறும். அதனால் நடுவில் கிராஸ்பாயிண்ட் சுவிட்ச் சிப் ஒன்றை வைக்கிறார்கள். எட்டுக் கோடும் ஐந்து கோடும் அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். மைக்ரோகன்ட்ரோலர் சொல்கிற சந்திப்பை அது இணைத்துப் பிடித்துக்கொள்ளும், ரப்பரை அழுத்திய விரல் போல. ஸ்பெக்ட்ரமில் இல்லாத விசைகளுக்கு இரண்டு விரல் தேவை. புதுக் கீபோர்டில் பேக்ஸ்பேஸைத் தட்டினால், சிப் கேப்ஸ் ஷிஃப்டையும் 0-வையும் சேர்த்து அழுத்தும். இரண்டுமே ஓரத்து எட்டில் உள்ளவை.