தேவகோட்டை விசாரணைக்குப் போகும் முன்

கல்யாணம் என்றால் செட்டிநாட்டில் எல்லாவற்றுக்கும் காகிதம் உண்டு. நகரத்தார் வீடுகளில் இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதுவார்கள், சீர் சாமானுக்குச் சிட்டை போடுவார்கள். மற்ற வீடுகளிலும் மொய் நோட்டு இல்லாமல் விசேஷம் நடக்காது. அதே வீட்டில் சந்தேகச் சாவு ஒன்று விழுந்தால் மட்டும், நீட்டிய காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

இந்தப் பக்கத்து கோர்ட்டுகளில் வக்கீல் தொழில் செய்யும் நான், அந்தச் சாவுக் காகிதங்களில் அடிக்கடி பார்க்கும் வரி ஒன்று உண்டு: ‘தீராத வயிற்றுவலி காரணமாக’. சிறு வயதுப் பெண்களுக்குத்தான் இந்த வயிற்றுவலி அதிகம் வருகிறது. அதுவும் கல்யாணத்துக்குப் பிறகு.

காரைக்குடி பக்கம் ஒரு கொத்தனார். மகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம்தான், செத்துப்போனாள். கட்டை அவிந்து, காரியமும் முடிந்த பிறகுதான் கட்டுக்காகிதத்தோடு வந்தார். பிரேத விசாரணை அறிக்கையில் பஞ்சாயத்தாராக, அதாவது உடலைப் பார்த்த சாட்சிகளாக, கையெழுத்துப் போட்ட ஐந்து பேரும் மாப்பிள்ளையின் தெருக்காரர்கள். அப்பாவின் வாக்குமூலத்தில், எந்த ஊர் வழக்குக்கும் பொருந்தக்கூடிய அதே வயிற்றுவலி. “நீங்களா அண்ணே சொன்னீங்க?” என்று கேட்டேன். “எங்க காட்டுனாங்களோ அங்க போட்டேன் வக்கீலய்யா. அப்ப எனக்கு எதுவும் ஓடலை” என்றார். கூட வந்த அம்மா அதுவரை பேசவில்லை. அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார்: குளிப்பாட்டும்போது மேல்கையில் விரல் பதிந்த மாதிரி கன்றிப்போயிருந்ததாம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நல்ல வேளை, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை பாக்கி இருந்தது. அங்கே சொன்னார், பதிவானது.

சட்டம் இதில் அவ்வளவு மோசமில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194ஆம் பிரிவின்படி, போலீஸ் இடத்துக்கு வந்து, அக்கம்பக்கத்து மதிப்புள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர் முன்னால் காயங்களைக் குறித்து, 24 மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்து, அவளுடைய உறவினர் யாராவது கேட்டாலே போதும், உடலைப் போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்ப அது ஒரு காரணம். இது பலருக்குத் தெரியாது. அப்படி ஏழு வருடத்துக்குள் நடந்த சாவு தற்கொலை என்றாலோ, வேறு யாரோ குற்றம் செய்ததாக நியாயமான சந்தேகம் இருந்தாலோ 196ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். நாம் ஆர்.டி.ஓ. விசாரணை என்று சொல்வது அதைத்தான். காரைக்குடிக்காரர்கள் அதற்குத் தேவகோட்டை போக வேண்டும்.

இங்கிலாந்தில் இந்த வேலைக்கென்றே கரோனர் என்று ஒரு பதவி. 1871இல் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களுக்கும் அதற்குச் சட்டம் வந்தது. சென்னையில் 1889இல் பதவியையே எடுத்துவிட்டார்கள். அந்த நாட்டுக் கரோனர்களில் நான் அடிக்கடி நினைப்பது தாமஸ் வாக்லியை. அறுவை மருத்துவர். 1823இல் லான்செட் மருத்துவ இதழைத் தொடங்கியவர், எம்.பி.யாகவும் இருந்தவர். 1839 முதல் 1862இல் சாகும்வரை மேற்கு மிடில்செக்ஸ் கரோனர். சாவுக்குக் காரணம் தேடுபவனுக்கு மருத்துவம் தெரிய வேண்டும், வக்கீல்களுக்கு அங்கே என்ன வேலை என்று சண்டை போட்டவர். (எங்கள் ஆட்களைத்தான் சொன்னார், பரவாயில்லை.) ஹெண்டன் ஏழைகள் விடுதியில் ஒரு கிழவர் கொதிநீர்த் தொட்டியில் விழுந்து செத்து, விசாரணை இல்லாமலே புதைக்கப்பட்டார். வாக்லி உடலைத் தோண்டி எடுக்க வைத்தார். இவர் விசாரணை நடத்தியே பணத்தைக் கரைக்கிறார் என்று அந்த வட்டாரத்து மாஜிஸ்திரேட்டுகள் புகார் சொன்னார்கள்.

பெரிய வழக்கு 1846இல், ஹவுன்ஸ்லோவில். ஃபிரெடரிக் ஜான் வைட் என்ற சிப்பாய்க்கு 150 கசையடி. நாலு வாரத்தில் செத்தான். உள்ளுறுப்பு அழற்சி, அடிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று ராணுவ டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் ஊர் வயிற்றுவலி அது. அடக்கம் செய்ய வேண்டிய பாதிரியார் சந்தேகப்பட்டுக் கரோனருக்குச் சொல்லி அனுப்பினார். வாக்லி வெளியிலிருந்து எராஸ்மஸ் வில்சன் என்ற டாக்டரை வரவழைத்து முதுகுத் தசையைத் திறந்து பார்க்கச் செய்தார். கசையடியின் விளைவால் வந்த சாவு என்று ஜூரி சொன்னது. அந்த வருடமே உச்சவரம்பு 50 அடியாகக் குறைந்தது. 1881இல் ராணுவத்தில் கசையடியே போனது. அந்தப் பாதிரியார் ‘நமக்கேன் வம்பு’ என்று மண் தள்ளியிருந்தால் வாக்லிக்கு விஷயமே தெரிந்திருக்காது. நம் ஊர்களில் அந்த இடத்தில் நிற்பது வி.ஏ.ஓ., பஞ்சாயத்துத் தலைவர், சில நேரம் மயானத்தில் வேலை செய்பவர்.

போலீஸ் காவலில் நடக்கும் சாவுக்கு ஆர்.டி.ஓ. போதாது, நீதித்துறை நடுவர்தான் விசாரிக்க வேண்டும். 2020இல் சாத்தான்குளம் வழக்கில் கோவில்பட்டி நடுவர் ஸ்டேஷனுக்கே போனார். அங்கே ஒரு பெண் தலைமைக் காவலர் பயந்து பயந்து வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். வழக்கின் முதுகெலும்பு அதுதான்.

சரி, தேவகோட்டைக்குப் போகிறவர்களுக்கு. ஆர்.டி.ஓ. தீர்ப்புச் சொல்ல மாட்டார், அறிக்கைதான் கொடுப்பார். ஆனால் வரதட்சணைச் சாவு வழக்காக மாறுமா என்பதற்கு அந்த அறிக்கை பெரிய துருப்பு. அந்தக் குற்றத்துக்குக் குறைந்தது ஏழு வருடச் சிறை. கல்யாணப் பத்திரிகை, சீர் சிட்டை, நகை ரசீது, மகள் அனுப்பிய வாட்ஸ்அப் ஆடியோ எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள், போனை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். உடலைக் குளிப்பாட்டியவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். ஆம்பளைகள் மட்டும் போனால் அந்த விவரம் வரவே வராது. உறவினருக்குத் தகவல் சொல்லி, முடிந்தவரை விசாரணையில் இருக்க விட வேண்டும் என்று 196ஆம் பிரிவே சொல்கிறது. சொன்னதை எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். டைப் அடிப்பவர் அவசரப்படுவார். படட்டும்.