லாக் இன்: சீனத்தில் தெங்லூ, தமிழில் உள்நுழைவா?

'லாக் இன்' என்ற ஆங்கில வினைக்கு 'உள்நுழை' என்று எந்தத் திரையைத் திறந்தாலும் போட்டுவைத்திருக்கிறார்கள். அது பிழை. சீனம் பேசும் மாணவர்கள் இதே வினையோடு படும் பாட்டைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

பிறப்பு எளிது. லாக் என்றால் மரத்துண்டு. முடிச்சிட்ட கயிற்றில் அதைக் கட்டிக் கடலில் போட்டு, மணற்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கண்டார்கள். அதைக் குறித்துவைத்த ஏடு லாக் புக். 'பதிந்து வை' என்ற பொருள் அங்கிருந்து வந்தது. 1960களில் ஒரே கணினியைப் பலர் பங்கிட்டபோது, யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்று கணக்கு வைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அப்படிப் பங்கிடுவதற்காக உருவான சிடிஎஸ்எஸ் அமைப்பில் லாகின் என்றே ஒரு கட்டளை இருந்தது. ஆக, இந்த வினையின் உயிர் பதிவு. 'இன்' வெறும் திசை.

சீனம் உயிரைப் பிடித்துக்கொண்டது. அங்கே இது தெங்லூ: 'ஏட்டில் ஏற்று' என்று பொருள். அதே ஒலியில் இன்னொரு தெங்லூவும் இருக்கிறது, கரையேறுதல். புயல் கரையைக் கடப்பதும், இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் நார்மண்டியில் படை இறங்கியதும் இந்தச் சொல்தான். கணினியில் சீனத்தை ஒலிப்படி தட்டச்சு செய்து, வரும் எழுத்துகளில் ஒன்றைத் தேர்வது வழக்கம்; இந்த ஒலியைத் தட்டினால் இரண்டு சொற்களும் வரிசையில் வந்து நிற்கும். அவசரத்தில் தவறானதைத் தேர்ந்து, இணையதளத்தில் 'கரையேறு' என்று எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். தைவானில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே தெங்ரூ, தெங்ச்சூ: பதிந்து உள்ளே, பதிந்து வெளியே. அழகான இணை.

ஆங்கிலத்தில் எழுதும்போது சீன மாணவர் சறுக்கும் இடம் வேறு. சீனத்தில் 'தெங்லூ' நேரே செயப்படுபொருளை எடுக்கும். அந்தப் பழக்கத்தில் 'லாக் இன் த வெப்சைட்' என்று 'டு' இல்லாமல் எழுதிவிடுகிறார்கள். பொத்தானில் லாகின் என்று ஒரே சொல்லாகப் பார்த்துவிட்டு, இறந்தகாலத்துக்கு 'லாகின்டு' என்று ஒன்றை உண்டாக்குகிறவர்களும் உண்டு. சேர்த்து எழுதினால் அது பெயர்ச்சொல். வினை பிரிந்தே நிற்கும். இறந்தகாலம் 'லாக்டு இன்'.

சரி, நம் 'உள்நுழை'க்கு வருவோம். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதல் இரண்டு குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும். இந்த ஒரே சொல்லில் இரண்டும் இருக்கின்றன. நுழைவது என்றாலே உள்ளேதான், 'உள்' எதற்கு? அது மிகை. பதிவு என்ற உயிரை விட்டது குறை. சீனர் திசையை விட்டுப் பொருளைக் காத்தார்கள். நாம் பொருளை விட்டுத் திசையை இரண்டு முறை சொல்கிறோம்.

இதன் இணை 'வெளியேறு' இன்னும் மோசம். கணக்கிலிருந்து லாக் அவுட் ஆவதும் வெளியேறு, குழுவை விட்டு விலகுவதும் வெளியேறு, செயலியை மூடுவதும் வெளியேறு. எதை அழுத்தினால் எது போகும் என்று பெரியவர்கள் விரலைத் தூக்கிக்கொண்டு தயங்குகிறார்கள். சீனத்திலும் 'ஜூஷியாவ்' என்ற சொல் லாக் அவுட்டுக்கும் கணக்கை ஒரேயடியாக நீக்குவதற்கும் வழங்கிக் குழப்பியது. நாம் அந்தக் குழியில் விழ வேண்டியதில்லை.

தமிழ் விக்கிப்பீடியா வழங்கிய புகுபதிகை, விடுபதிகை இரண்டும் நம்மிடம் இருக்கின்றன. புகுந்து பதிதல், பதிவை விடுதல். இரண்டு பாதியும் உள்ளே இருக்கின்றன. யாருக்கும் புரியாது என்கிறார்கள். முன்பதிவு புரிகிறவருக்குப் புகுபதிகை ஏன் புரியாது? திரையையே பார்க்காமல், தனித்தனிச் சொற்களாக வந்த பட்டியலை அகராதி வைத்து நிரப்பும் மொழிபெயர்ப்பு முறைதான் 'உள்நுழை', 'வெளியேறு' என்று திரையில் வருவதற்குக் காரணம். அந்தப் பட்டியலில் 'லாக் அவுட்', 'எக்சிட்', 'லீவ்' மூன்றும் அடுத்தடுத்து இருந்தாலும் மூன்றுக்கும் ஒரே விடை எழுதுகிறார்கள். முதலில் அதைத் திருத்துங்கள்: விடுபதிகை, மூடு, விலகு.