தெற்குப் பக்கம்தான் என்று முடிவெடுக்குமுன்

நோர்வேயில் வீட்டு முற்றங்களை வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். வசந்தம் பிறந்தால் எம்மவர்களிடமிருந்து படங்கள் வரத் தொடங்கிவிடும்: நரைத்த பலகைத் தளம், ஆட்டுத்தோல் விரித்த நாற்காலி, பக்கத்தில் இரண்டு லாந்தர். இவை எல்லாம் கடையில் கிடைக்கும். தளத்தைத் தெற்குப் பக்கம் போட்டால்தான் வெயில் என்று நினைப்பவர்களும் பலர். நான் முதலில் கேட்பது, மாலையில் உங்கள் முற்றத்தில் வெயில் எங்கே விழுகிறது என்பதைத்தான்.

ஒஸ்லோவில் ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்தரை தாண்டிவிடும், அதுவும் நல்ல வடமேற்கில். வேலை முடிந்து வந்து ஆறு மணிக்குத் தேநீரோடு வெளியே வந்தால் வெயில் மேற்கில் நிற்கும். தெற்குச் சுவரோடு தளம் போட்டவர்கள் கொஞ்ச நேரத்திலேயே வீட்டின் நிழலில் போர்வையைத் தேடுகிறார்கள். பலகை வாங்கப் போகுமுன் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், மாலையில் நாலு மூலையிலும் உட்கார்ந்து பாருங்கள். காசு செலவில்லாத வேலை.

அப்புறம் காற்று. இடைவெளியே இல்லாமல் பலகை அடித்து மறைத்தால், காற்று அதன் மேலால் ஏறி மறுபக்கம் சுழன்று உங்கள் கழுத்திலேயே இறங்கும். பாதிக்குப் பாதி இடைவெளி விட்டு அடித்த சட்டங்கள் காற்றை வடிகட்டி மெதுவாக்கிவிடும். பின்னால் இருப்பவருக்கு வெளிச்சமும் முழுதாக மறையாது. விளக்கு என்றால் முழங்கால் உயரத்துக்குக் கீழே, மஞ்சள் ஒளியில், இரண்டு மூன்று போதும்.

நெருப்பு விஷயத்தில்தான் எனக்குப் பயம். பழைய தளத்தைக் கழற்றும்போது உக்காமலிருக்க மருந்து ஏற்றிய, பச்சைச் சாயலான பலகைகள் குவியும். அவற்றை வெட்டி நெருப்புக் கிண்ணத்தில் போடுவதைக் கண்டிருக்கிறேன். 2002இல் தடை வரும்வரை அந்த மரத்துக்குச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்துதான் ஏற்றினார்கள். எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். அந்தச் சாம்பலைக் கீரைப் பாத்திக்குப் போட்டால் இன்னும் மோசம். நகரசபையின் கழிவு நிலையத்தில் அபாயக் கழிவாகக் கொடுத்துவிடுங்கள்.

கண்ணாடி அடைத்த பல்கனியில் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். சமைத்து முடிந்து தணல் சாம்பல் பூத்த பிறகும் கார்பன் மோனொக்சைட் வந்துகொண்டே இருக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிருக்கு இதமாக இருக்கும் என்று அந்த அடுப்பை வீட்டுக்குள் எடுத்து வைப்பது அதைவிட ஆபத்து. குளிர்ந்தால் இன்னொரு கம்பளி போர்த்துங்கள்.