சீப்பாவ்: எட்டுக் கொடியும் ஒரு நீளங்கியும்

சீனப் பெண்கள் உடுத்தும் ஒற்றை நீளங்கியான சீப்பாவைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் எழுத்துக்கூட்டலைப் பார்த்துவிடலாம். ஆங்கில எழுத்தில் இதை 'கியூ'வில் தொடங்கி எழுதுவதால் நம்மவர்கள் பலர் 'கிபாவோ', 'க்விபாவ்' என்கிறார்கள். சீன மொழியின் உரோமன் எழுத்துமுறையில் அந்தக் கியூவுக்குச் 'ச்ச' ஒலி. 'சீபாவ்' என்று எழுதினால் நடுவில் வரும் 'ப' மெலிந்துவிடும். ஆகவே, சீப்பாவ். (சீப்பு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.)

'பாவ்' என்றால் நீண்ட அங்கி. 'சீ' என்றால் கொடி. அதற்காகக் 'கொடியங்கி' என்று மொழிபெயர்த்தால் கொடிப் பூவேலை செய்த உடை என்றுதான் படிப்பவர் நினைப்பார். இங்கே கொடி என்பது படைப்பிரிவு. சீனாவின் வடகிழக்கில் வாழ்ந்த மஞ்சு மக்களின் தலைவர் நூர்ஹாச்சி தம் குடிகளை எட்டுக் கொடிகளின் கீழ்ப் பிரித்தார்: மஞ்சள், வெள்ளை, சிவப்பு, நீலம், ஒவ்வொன்றிலும் கரை இல்லாதது ஒன்று, கரை வைத்தது ஒன்று. போர்வீரன் மட்டுமல்ல, அவன் குடும்பமே அந்தக் கொடியின் கணக்கில்தான் இருந்தது. 1644இல் பெய்ஜிங்கைப் பிடித்துச் சிங் அரசை நடத்திய இவர்களுக்குக் 'கொடிக்காரர்கள்' என்று பெயர். அவர்களுடைய பெண்கள் ஒற்றை நீளங்கி உடுத்தினார்கள். பெரும்பான்மை இனமான ஹான் சீனப் பெண்களோ மேல்சட்டையும் பாவாடையுமாக இரண்டு துண்டு.

அந்த அங்கிதான் இந்த உடையா? அதில்தான் வழக்கு. சிங் ஆட்சி 1912இல் முடிந்தது. 1920களில் ஷாங்காய்ப் பெண்கள் நீளங்கிக்கு மாறியபோது அவர்கள் பின்பற்றியது ஆண்கள் போட்ட நீளங்கியை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஆணுக்குச் சமம் என்று காட்டப் போட்ட உடைக்குப் போன அரசின் பெயரா என்ற எரிச்சலும் இருந்தது. 1970களில் தைவானில் ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு, கொடிக்குப் பதில் 'மங்கலம்' என்று பொருள்படும் வேறொரு எழுத்தை மாற்றிப் போடலாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். பழைய எழுத்தே நின்றுவிட்டது.

சிங்கப்பூர், மலேசியத் தமிழருக்குப் பழகிய பெயர் சியோங்சாம். இது தென்சீனாவின் கன்டனீஸ் மொழிச் சொல், நேர்ப்பொருள் 'நீளச் சட்டை'. இதே சொல்லைச் சீனப் பொதுமொழியான மாண்டரினில் 'சாங்ஷான்' என்று சொல்லிக் கேட்டால் கடைக்காரர் ஆண்கள் உடையை எடுத்துப் போடுவார்!

பழைய சீப்பாவ் சேர்ப்பவர்கள் பெயரைவிடத் தோள்பட்டையைத்தான் முதலில் பார்ப்பார்கள். 1930களின் ஷாங்காய் உடையில் தோளில் தையலே இருக்காது. துணியை மடித்துப் போட்டு, உடம்பையும் கையையும் ஒரே துண்டாக வெட்டினார்கள். டார்ட் (உடம்போடு ஒட்ட மடித்துத் தைக்கும் தையல்) கிடையாது, வளைவுகளை இஸ்திரிச் சூட்டில் இழுத்தும் சுருக்கியும் கொண்டுவந்தார்கள். சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த 1949ஐ ஒட்டித் தையல்காரர்கள் பலர் ஹாங்காங்குக்குப் போன பிறகு டார்ட், தனியாக வெட்டி இணைத்த கை, பக்கவாட்டு ஜிப் எல்லாம் பரவலாயின. உடை இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தது. டிசைனர் பெயர் போட்ட ரெடிமேடுகளில் பலவற்றுக்கு ஜிப் முதுகில் இருக்கும். முன்னால் சரிந்து இறங்கும் திறப்பு வெறும் ஒப்புக்கு, முடிச்சுப் பொத்தானை அவிழ்த்தாலும் ஒன்றும் திறக்காது. அழகுதான், ஆனால் என் கணக்கில் அது சீப்பாவ் மாதிரி தைத்த கவுன்.

சீனாவுக்குள் பழையவை அதிகம் தப்பவில்லை. அதிபராக இருந்த லியூ ஷாவ்சியின் மனைவி வாங் குவாங்மெய் 1963இல் இந்தோனேசியா போனபோது சீப்பாவ் உடுத்தியிருந்தார். அதையே குற்றமாக்கி, 1967இல் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் கலாச்சாரப் புரட்சியின் மாணவர் படையான செங்காவலர்கள் அவருக்கு வலுக்கட்டாயமாகச் சீப்பாவ் மாட்டி, பிங்பாங் பந்து மாலை போட்டுக் கூட்டத்தின் முன் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு யார் அதைப் பெட்டியில் வைத்திருப்பார்கள்?

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கொடிப்படை அங்கி' ஆகாது. தமிழில் கொடிப்படை என்றால் படையின் முன்னணி. தைத்த சட்டைக்குச் சங்கத் தமிழில் 'மெய்ப்பை' என்ற சொல் உண்டு, முல்லைப்பாட்டில் யவனக் காவலர் போட்டிருப்பது அதுதான். எனக்குப் பிடித்த சொல், ஆனால் இன்று 'நெடுமெய்ப்பை' என்றால் யாரும் ஏதோ பை என்றுதான் நினைப்பார்கள். 'சீன நீளங்கி' சியோங்சாமுக்கு நேர்ப்பொருளாகவே அமைகிறது, கேட்டதும் புரிகிறது. கட்டுரையில் முதல்முறை 'சீப்பாவ் எனும் சீன நீளங்கி' என்று எழுதிவிட்டு, அப்புறம் சீப்பாவ் என்றே தொடரலாம். சிங்கப்பூர் வாசகருக்கு என்றால் சியோங்சாம்.