அதிக இரத்தப்போக்கும் ஆறாத களைப்பும்

தோட்டப்புறங்களிலிருந்து களைப்பு, தலைச்சுற்று, மூச்சுவாங்கல் என்று வைத்தியசாலைக்கு வரும் பெண்களில் பலர், மாதவிடாயைப் பற்றித் தாமாக ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. மலையகத்தில் வைத்தியராகப் பணியாற்றும் நான், கீழ் இமையை இழுத்துப் பார்த்து அதன் உட்புறம் வெளிறியிருப்பதைக் கண்டு, "எத்தனை நாளைக்குப் போகிறது?" என்று கேட்ட பிறகுதான், "எனக்கு எப்பவுமே எட்டு, ஒன்பது நாளைக்குப் போகுங்க டொக்டர், அம்மாவுக்கும் அப்பிடித்தான்" என்ற பதில் வருகிறது. அம்மாவுக்கும் இருந்தது என்பதால் அது இயல்பாகிவிடாது. அம்மாவும் சிகிச்சையின்றியே காலம் தள்ளியிருக்கலாம்.

மாதவிடாய் வட்டத்தை, இரத்தம் படும் முதல் நாளிலிருந்து அடுத்த மாதவிடாய்க்கு முந்திய நாள்வரை எண்ண வேண்டும். 28 நாள் என்பது சராசரி மட்டுமே. வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள்வரை இயல்பு. பெரியபிள்ளையாகிய முதற்சில ஆண்டுகளில் முட்டை மாதந்தோறும் ஒழுங்காக வெளியேறாததால், 45 நாள்வரை தள்ளிப்போவதும் உண்டு. முட்டை வெளியேறிக் கரு தங்காதபோது புரொஜெஸ்தரோன் ஹோர்மோன் குறைந்து, தடித்திருந்த கருப்பையின் உட்சுவர் உதிர்கிறது. அப்போது சுரக்கும் புரொஸ்டகிளாண்டின் என்னும் பொருளே கருப்பையை இறுக்கி அடிவயிற்று வலியையும், சிலருக்கு வயிற்றோட்டத்தையும் உண்டாக்குகிறது. மெபனமிக் அசிட் போன்ற மாத்திரைகள் அப்பொருள் உருவாவதையே குறைப்பவை என்பதால், வலி உச்சத்துக்குப் போகும்வரை பொறுத்திராமல், தொடங்கியவுடனேயே உணவுக்குப் பின் எடுப்பது நல்லது. ஆஸ்துமாவோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அவற்றை எடுக்கக்கூடாது. மாதவிடாய்க்குச் சில நாள் முன்பு வரும் எரிச்சல், மார்பு கனத்தல், தூக்கக்குறைவு ஆகியவை இரத்தம் பட்டதும் தணிந்துவிட்டால் அவை ஹோர்மோன் மாற்றத்தின் விளைவுகளே.

நான் அதிகம் அஞ்சுவது இரத்தத்தின் அளவைப் பற்றித்தான். ஏழு நாளுக்கு மேல் போவது, ஒரு பேட் ஓரிரு மணித்தியாலத்தில் நனைந்துவிடுவது, பெரிய கட்டிகளாக விழுவது ஆகியவை அதிக இரத்தப்போக்கின் அடையாளங்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் பேட் மாற்ற மறைவான இடம் கிடைப்பது அரிது. காலையில் மலைக்கு ஏறும் பெண், கொழுந்து நிறுக்கும் நேரம்வரை தாங்க வேண்டும் என்பதற்காகப் பேட்டின் மேல் பழைய சேலைத்துணியையும் மடித்து வைத்து, அதன்மேல் படங்கு என்னும் தடித்த விரிப்பை இடுப்பில் கட்டிக்கொள்கிறாள். இப்படி இரட்டையாக வைக்க வேண்டியிருப்பதே ஓர் அறிகுறி என்று அவளுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை.

மாதந்தோறும் இவ்வாறு இரத்தம் போனால் உடலின் இரும்புச்சத்துக் கரைந்துகொண்டே போகும். முதலில் சொன்ன களைப்பும் தலைச்சுற்றும் மூச்சுவாங்கலும் இதனால் வருபவையே. அத்தோடு காலை ரொட்டியுடன் குடிக்கும் சாயத்தண்ணீர், அந்த உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. தேநீரைக் கைவிடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்குமிடையே ஒரு மணித்தியாலமாவது விடுங்கள் என்றே மன்றாடிக் கேட்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல், தண்ணீரோடோ தேசிக்காய்ச் சாற்றோடோ எடுக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரையால் அந்த நிறமாற்றம் ஏற்படுவது வழமையானது.

மாத்திரை மட்டும் போதாது, இரத்தம் ஏன் அதிகமாகப் போகிறது என்பதையும் கண்டறிய வேண்டும். கருப்பையில் நார்க்கட்டியோ, தைரொயிட் குறைபாடோ, பெரியபிள்ளையான நாள்முதல் அதிகமாகப் போகும் சிறுமியருக்கு இரத்தம் உறைதலில் குறைபாடோ இருக்கக்கூடும். இவை எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. இரண்டு மாதவிடாய்களுக்கு இடையிலோ, உடலுறவின் பின்னரோ, மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின்னரோ இரத்தம் பட்டால் ஒரு மாதம் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமே சொல்லலாம். எங்கே, எப்போது போக வேண்டும் என்பதை அவர் சொல்வார். போகும்போது, கடந்த சில மாதங்களில் இரத்தம் பட்ட முதல் நாளையும் நின்ற நாளையும் கலண்டரில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பரிசோதனை முதலில் தேவை என்பதை வைத்தியர் அதைக்கொண்டே தீர்மானிக்கத் தொடங்குவார்.